டீசல் வண்டி இழுக்கவில்லை, ஸ்கேனரில் பி0101 வருகிறது. ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றிவிடலாமா?

இப்போதே மாற்றாதீர்கள். சென்சார் சொல்லும் காற்றளவு ஈசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போட்ட கணக்கோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் பி0101. தப்பு சென்சாரிலும் இருக்கலாம், காற்று போகும் வழியிலும் இருக்கலாம். கோட் எண்ணை மட்டும் பார்த்துப் புது சென்சார் மாட்டினால் சில நாளில் அதே இன்ஜின் விளக்கு மறுபடி எரியலாம்.

முதலில் புகையைக் கவனியுங்கள். சென்சார் அழுக்கேறிக் குறைத்துக் காட்டினால், காற்று போதவில்லை என்று ஈசியு டீசலைக் குறைத்துவிடும். இழுவை இருக்காது, புகையும் வராது. இழுவை இல்லாமல் கரும்புகையும் கக்கினால் டர்போவுக்கு அடுத்த ஹோஸைச் சந்தேகப்படுங்கள். அளந்து விட்ட காற்று வழியிலேயே கசிகிறது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கிளாம்ப் பிடிக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். எண்ணெய் ஈரத்தில் தூசி அப்பியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் கசிவு.

அடுத்தது அளவு. 2.0 லிட்டர், 4 சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டர் அரை லிட்டர். ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். அதனால் ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) மூடிய நிலையில், 800 ஆர்பிஎம் ஐடிலில், ஒரு ஸ்ட்ரோக்குக்கு (ஒரு சிலிண்டர் ஒரு முறை இழுக்கும் காற்று) 450 முதல் 550 மில்லிகிராம் வரவேண்டும். வினாடிக் கணக்கில் 12 முதல் 15 கிராம். ஈஜிஆர் திறந்திருந்தால் இது பாதியாகக்கூட இறங்கும், அது கோளாறில்லை. ஸ்கேனரில் ஈஜிஆரை மூடச் சொல்லியும் ஏறவில்லையா? வால்வு கரி பிடித்துத் திறந்தே நிற்கலாம். சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஹோஸ் கிழிந்து, அளக்காத காற்று உள்ளே போகலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இவை மூன்றும் சரியென்றால்தான் சென்சார்மேல் பழி போடலாம்.

அதற்கும் முன் கனெக்டரைக் கழற்றி, சாவி ஆனில் மல்டிமீட்டர் வையுங்கள். பல வகைகளில் 12 வோல்ட் சப்ளை வரும், எர்த் உறுதியாக இருக்கவேண்டும். அதே கூட்டுக்குள் வெப்ப சென்சாரும் இருந்தால், கனெக்டரை மறுபடி மாட்டி ஸ்கேனரில் பாருங்கள்; இரவு முழுக்க நின்ற வண்டியில் அதுவும் கூலன்ட் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாகக் காட்டவேண்டும். மைனஸ் 40 காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டரின் ஊசி (பின்) தொடவில்லை.

"கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டு, நன்றாக ஓடினால் சென்சார் போச்சு" என்று சொல்ல வருவார்கள். அதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் கழற்றியதும் பல வண்டிகளில் ஈஜிஆரும் மூடிக்கொள்ளும். எதனால் நன்றாக ஓடியது என்று எப்படித் தெரியும்?

சுத்தம் செய்வதானால் இந்த சென்சாருக்கென்று விற்கும் ஸ்ப்ரே மட்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியும் பிரேக் கிளீனரும் எத்தனை நல்ல சென்சாரைக் கொன்றிருக்கின்றன! உள்ளே இருப்பது மெல்லிய படலம், தொட்டாலே போகும். எண்ணெய் தடவும் வகை ஃபில்டர் போட்டிருந்தால் அந்த எண்ணெயும் அதில்தான் படியும். நன்றாகக் காய்ந்தபின் மாட்டி, கோட் எண்ணை ஸ்கேனரில் அழித்து, அதே ஐடிலில் அதே அளவை மறுபடி எடுங்கள். அப்போதும் 450-ஐத் தொடவில்லை என்றால் புதுசு வாங்குங்கள்.