தலைக்கவச இருவாச்சி எப்படி வாழ்கிறது, அதை ஏன் சுடுகிறார்கள்?

நம் மேற்குத் தொடர்ச்சி மலை இருவாச்சியின் உறவுக்காரப் பறவைதான் இது. போர்னியோ, சுமத்ரா, மலேயாத் தீபகற்ப மழைக்காடுகளில் இருக்கிறது.

எல்லாச் சிக்கலும் அதன் தலையில்தான். மற்ற இருவாச்சிகளின் கொண்டை, அதாவது அலகின் மேல் இருக்கும் புடைப்பு, உள்ளே பெரும்பாலும் காலி, லேசானது. இதற்கு மட்டும் கெட்டியாக, தந்தம் மாதிரி செதுக்கக்கூடியதாக இருக்கும், உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு! ஆண்கள் பறந்தபடியே தலையோடு தலை மோதிக்கொள்ளும், பெரும்பாலும் அத்திமரத்துக்குப் பக்கத்தில், ஏனென்றால் அத்திப்பழம்தான் அதற்குச் சோறு.

குரல் இன்னும் விசேஷம். துக்... துக்... என்று இடைவெளி விட்டுத் தொடங்கி, வேகம் கூடி, கடைசியில் பேய்ச்சிரிப்பாக முடியும். மாமியார் உள்ளே இருக்கும்போதே வீட்டுத் தூண்களைக் கோடரியால் வெட்டிவிட்டுச் சிரித்த மருமகன்தான் இந்தப் பறவையாக மாறினான் என்று மலாய்க் கதை ஒன்று உண்டு. (எந்த ஊரானாலும் மாமியார் கதை ஒன்றுதான் போல.)

சரி, கூடு விஷயத்துக்கு வருவோம். பெரிய மரப்பொந்துக்குள் பெண் புகுந்து, ஒரு சின்னப் பிளவு மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். ஏறக்குறைய ஐந்து மாதம் ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்ட வேண்டும், வளர்வதோ ஒரே குஞ்சு. அதனால் கொண்டைக்காக வேட்டைக்காரன் ஆணைச் சுட்டால், உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினியில் போய்ச்சேரும். கொண்டைக்கு முக்கியச் சந்தை சீனா. 2015இல் இதை மிக அருகிய இனமாக அறிவித்தார்கள்.