கேள்வி பதில்: ‘டேண்டம்’ என்பது எண்ணிக்கையா, வரிசையா?

கேள்வி: டேண்டம் என்றால் ஓட்டுநரும் பயணியுமாக இருவர் மட்டும் அமரும் வண்டி என்று பொருள் கொள்ளலாமா?

பதில்: அது பாதிதான் சரி. எத்தனை பேர் என்பதை அல்ல, எந்த வரிசையில் அமர்கிறார்கள் என்பதையே இச்சொல் சுட்டுகிறது. ஒருவருக்கு நேர் பின்னால் மற்றவர் அமர்ந்தால் டேண்டம். தோள் உரச அருகருகே அமர்ந்தால், இருவரே ஆனாலும் அது டேண்டம் ஆகாது. 1950களில் ஜெர்மனியில் உருவான மெசர்ஷ்மிட் கேஆர்200 என்னும் மூன்று சக்கரக் குறுங்காரில், பக்கவாட்டில் கீல் வைத்த கண்ணாடிக் கூண்டைத் தூக்கி உள்ளே இறங்கும் பயணி, ஓட்டுநரின் முதுகைப் பார்த்தபடிதான் அமர வேண்டும். அதுவே அசல் டேண்டம்.

கேள்வி: இது லத்தீன் சொல்லாமே? அங்கும் வண்டியைத்தான் குறித்ததா?

பதில்: இல்லை. லத்தீனில் அது ‘நெடுநேரம் கழித்து, ஒருவழியாக’ என்று பொருள்படும் வினையடை. தமிழில் ‘நீண்ட’ என்பது பொழுதுக்கும் தெருவுக்கும் பொதுவாக நிற்பதைப் போல, அந்த லத்தீன் சொல்லுக்கு இணையான ‘அட் லெங்த்’ (at length) என்னும் ஆங்கிலத் தொடரும் காலம், இடம் இரண்டின் நீளத்துக்கும் பொருந்தும். அந்த இரட்டைப் பொருளை வைத்து, குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய வண்டிக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் இங்கிலாந்தில் விளையாட்டாகச் சூட்டப்பட்ட பெயர் இது. ஆக, முதலில் வரிசையில் நின்றவை குதிரைகளே. ஆட்கள் பின்னர் வந்தவர்கள். இலக்கண வகுப்பின் குறும்பு ஒன்று வண்டிக்கொட்டகை வரை வந்து நிலைத்துவிட்டது!

கேள்வி: டேண்டம் சைக்கிளில் பின்னால் இருப்பவரைப் பயணி எனலாமா?

பதில்: கூடாது, அவரும் மிதிக்கிறார். கைப்பிடியைத் திருப்பும் முன்னவருக்குக் ‘கேப்டன்’ என்றும், பின்னவருக்கு ‘ஸ்டோக்கர்’, அதாவது கொதிகலனுக்குக் கரி தள்ளுபவர் என்றும் பெயர்.

கேள்வி: மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கை?

பதில்: அமைப்பால் டேண்டம்தான், ஆனால் வழக்கில் ‘பில்லியன்’ (pillion) என்பதே நிலைத்துவிட்டது. ஜப்பானியர்களோ பின்னால் ஆளேற்றிச் செல்வதையே டேண்டம் என்கிறார்கள்.

கேள்வி: தமிழில் ‘இரட்டை இருக்கை’ என்று எழுதலாமா?

பதில்: அருகருகே உள்ள இருக்கைகளையும் அது குறித்துவிடும் என்பதால், ‘முன்பின் இருக்கை’ என்றே நான் எழுதுவேன். லாரியின் பின்புறம் அடுத்தடுத்து அமைந்த அச்சுகளை ‘டேண்டம் ஆக்ஸில்’ என்கிறோமே, அங்கே அமர்வதற்கு ஆளே கிடையாது. வரிசை மட்டும் இருக்கிறது.