பாராலீகல் படிக்கப் போறீங்களா? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

லிட்டிகேஷன், அதாவது கோர்ட் வழக்கு பக்கம் பாராலீகலா ரொம்ப நாளா வேலை பாக்குறேன். பாராலீகல்னா பொதுவா வக்கீலுக்கு கேஸ் வேலைல உதவுற ஆள். இன்பாக்ஸ்ல வந்த கேள்வியெல்லாம் மொத்தமா எடுத்து பதில் போடுறேன், ஒரே மாதிரி கேட்டவங்களைச் சேத்துட்டேன்.

கேள்வி: அக்கா, ஆன்லைன்ல மூணு மாச கோர்ஸ் விளம்பரம் வந்துட்டே இருக்கு, சேரலாமா?

கோர்ஸ் பத்தி அப்புறம் பேசுவோம், முதல்ல எந்த நாட்டுல வேலை பாக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. கனடா ஒன்டாரியோல 2007லேர்ந்து பாராலீகலுக்கு லைசென்ஸ் வேணும், அங்க வக்கீல், பாராலீகல் தொழிலை ஒழுங்குபடுத்துற லா சொசைட்டி அங்கீகரிச்ச கோர்ஸ் முடிச்சு பரீட்சை எழுதணும், வேற சர்டிபிகேட் வெச்சிருந்தா பிரேம் போட்டு மாட்டிக்கலாம் அவ்ளோதான். இங்கிலாந்துல நேர் எதிர், பாராலீகல்னு சொல்லிக்க சட்டப்படி லைசென்ஸே கிடையாது, அனுபவத்தைத்தான் பாப்பாங்க. அமெரிக்கால மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கலிபோர்னியால யாரு பாராலீகல்னு சட்டத்துலயே தகுதி எழுதி வெச்சிருக்காங்க. இன்னொண்ணு, அமெரிக்கன் பார் அசோசியேஷன்னு இருக்குற வக்கீல் சங்கம் கோர்ஸுக்குத்தான் அங்கீகாரம் குடுக்கும், ஆளுங்களுக்கு சர்டிபிகேட் குடுக்காது. "எங்க கோர்ஸ் முடிச்சா அவங்க சர்டிபிகேட் கிடைக்கும்"னு எவனாவது சொன்னா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

கேள்வி: தினமும் அப்படி என்னதான் வேலை? டைப்பிங்தானா?

டைப்பிங்கும் உண்டு, ஆனா அது மட்டும் இல்ல. சம்பவம் நடந்த வரிசையைத் தேதிவாரியா கட்டுறது, சாட்சி சொன்னதையும் டாக்குமென்ட்டையும் ஒத்துப் பாக்குறது, கோர்ட்ல என்னிக்குள்ள பைல் பண்ணணும்னு காலண்டர் போடுறது, எக்ஸிபிட், அதாவது கோர்ட்ல காட்டுற ஆதாரமெல்லாம் நம்பர் போட்டு அடுக்குறது. ஒரு உதாரணம் சொல்றேன். எதிர்த் தரப்புக்கு அனுப்புற பிடிஎப்ல கிளையன்ட்டோட பேங்க் நம்பரை மறைக்கணும்னு வைங்க. புதுசா வர்றவங்க அது மேல கறுப்பு பட்டை வரைஞ்சு அனுப்பிடுவாங்க, பாக்க மறைஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா அந்த இடத்தை செலக்ட் பண்ணி காப்பி எடுத்து நோட்பேட்ல ஒட்டினா நம்பர் முழுசா வந்து விழும். அதுக்குன்னு இருக்குற ரிடாக்ஷன் டூல்ல அடியில இருக்குற எழுத்தையே அழிக்கணும், அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை காப்பி பேஸ்ட் பண்ணிப் பாத்துடணும். இந்த மாதிரி சந்தேகப் புத்தி இருக்குறவங்களுக்கு இந்த வேலை செட் ஆகும், மேலோட்டமா பாத்து "ஓகே ஓகே"ன்றவங்க பாவம் கஷ்டப்படுவாங்க.

கேள்வி: கோர்ஸ் முடிச்சுட்டா சொந்தக்காரங்களுக்கு சட்ட ஆலோசனை சொல்லலாமா?

சொல்லாதீங்க. பொதுவா அமெரிக்கால வக்கீல் மேற்பார்வையிலதான் நாம வேலை பாக்கணும், "நீ கேஸ் போடு, ஜெயிப்ப"ன்னு நாமளா சொன்னா அது லைசென்ஸ் இல்லாம வக்கீல் தொழில் பண்ணின கணக்குல வரும். சித்தப்பா கல்யாண வீட்ல புடிச்சு வெச்சுக் கேட்டாலும் இதேதான் பதில். ஒன்டாரியோ லைசென்ஸ் வாங்கினவங்க கதை வேற, சின்னத் தொகை வழக்கு பாக்குற ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட், டிராபிக் டிக்கெட், வீட்டுக்காரர் குடித்தனக்காரர் தகராறுன்னு அனுமதிச்ச விஷயங்கள்ல ஆலோசனையும் சொல்லலாம், நேர்ல ஆஜராகியும் வாதாடலாம்.

கேள்வி: இந்தியால பாரா லீகல் வாலண்டியர்னு இருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணா மேடம்?

இல்லங்க. அது சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமா நடக்குற தன்னார்வத் தொண்டு, இலவச சட்ட உதவி யாருக்குக் கிடைக்கும்னு ஜனங்களுக்கு எடுத்துச் சொல்றது, மனு எழுத உதவுறது, இந்த மாதிரி. மதிப்பூதியம் குடுப்பாங்க, மாசச் சம்பளம்னு நெனச்சுப் போகாதீங்க. ஆனா சட்டம் படிக்கலாமா வேணாமான்னு குழம்புறவங்க ஜனங்களோட பிரச்சனையைக் கிட்டத்துல பாக்க நல்ல வழி.

கேள்வி: பாராலீகலா இருந்து அப்புறம் வக்கீல் ஆக முடியுமா?

இங்கிலாந்துல நல்ல வழி இருக்கு. 2021ல எஸ்கியூஇங்கிற தகுதிப் பரீட்சை வந்தப்புறம் சொலிசிட்டர் (அங்க ஒரு வகை வக்கீல்) ஆக ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேக்குறாங்க, பாராலீகலா பாத்த வேலையையும் அதுல கணக்குக் காட்டலாம், சொலிசிட்டர் யாராவது உறுதிப்படுத்திக் கையெழுத்து போடணும். அதனால என்ன வேலை பண்ணினோம்னு முதல் நாள்லேர்ந்தே எழுதி வெச்சுக்குங்க, ரெண்டு வருஷம் கழிச்சு உக்காந்து யோசிச்சா ஒண்ணும் ஞாபகம் வராது.

கேள்வி: ஏஐ வந்துடுச்சே, இனிமே இந்த வேலை இருக்குமா அண்ணி?

2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க சாட்ஜிபிடி கற்பனையா குடுத்த தீர்ப்புகளை நிஜம்னு கோர்ட்ல தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் வாங்கினாங்க. சொன்ன தீர்ப்பு நிஜமாவே இருக்கா, அதுல அந்த வரி இருக்கான்னு தேடி எடுத்துப் பாக்க ஒரு ஆள் வேணும்ல? சும்மா டைப் அடிக்கிற வேலை குறையும், அது நிஜம்தான், இந்தச் சரிபாக்குற வேலை கூடிட்டு இருக்கு.

கேள்வி: எந்த சாப்ட்வேர் கத்துக்கணும்?

வேர்டு. சிரிக்காதீங்க, ஸ்டைல்ஸ் வெச்சு தானா வர்ற பொருளடக்கம், யாரு எதைத் திருத்தினாங்கன்னு காட்டுற டிராக் சேஞ்சஸ் ரெண்டும் ஒழுங்கா தெரிஞ்ச ஆள் கிடைக்கிறதே கஷ்டமா இருக்கு. மத்ததெல்லாம் ஆபீஸ்ல சேந்ததும் அவங்களே சொல்லிக் குடுத்துடுவாங்க.