கொம்புச் சிவப்பில் ஒரு பட்டாளம்

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். ஆனித் தேரோட்டத்துக் கடையில் வாங்கிக் கொடுத்த பச்சை பிளாஸ்டிக் பட்டாளத்தான் பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்க ஆரம்பித்திருக்கிறான். அடித்த பெயிண்ட் இரண்டே நாளில் உரிந்து வந்துவிடுகிறது. "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று அழுகிறான். நீங்களும் சின்ன வயதில் இப்படி அடித்ததாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?
- ஒரு தந்தை, பாளையங்கோட்டை

பதில்: முதலில் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கோளாறு அவன் கையில் இல்லை, அந்த பிளாஸ்டிக்கில்தான் இருக்கிறது. எனக்கு இது தெரியவர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை எனக்குக் கை வராது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நினைப்பிலேயே தூரிகையைத் தொடாமல் பல வருஷம் போய்விட்டது. உங்கள் மகனுக்கு அது நடக்கக் கூடாது.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூட்டிப் போனார்கள். 1974-இல் கட்டிய நினைவுக் கோட்டைதான், ஆனால் எங்களுக்கு அது நிஜக் கோட்டை. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் படையோடு வந்து கோட்டையைத் தாக்கியதும், அடுத்த மாதமே 16-ஆம் தேதி கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும் வாத்தியார் அங்கேயே நின்று சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன், என்னிடம் இருக்கும் பட்டாளத்தான்களைக் கும்பினிப் படையாக, அதாவது பானர்மனின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையாக மாற்றிவிட வேண்டும், அதற்குச் சிவப்புச் சட்டை வேண்டும்.

முதலில் பள்ளிக்கூடத்து வாட்டர் கலர் வில்லைகள். தொட்டுத் தடவினால் சேம்பிலையில் தண்ணீர் உருளுவது போல நிறம் முத்து முத்தாகத் திரண்டு நின்றது, ஒட்டவே இல்லை. அப்புறம்தான் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்துவிட்டு மிச்சம் வைத்திருந்த சிவப்பு எனாமல் டப்பா ஞாபகம் வந்தது. தாத்தா அதைத் தொழுவத்து மாடாக்குழியில் வைத்திருந்தார். மேலே ஆடை கட்டியிருந்ததைக் குச்சியால் கிழித்து, கொம்புக்கு அடித்த அதே தடித்த பிரஷால் பொம்மைக்கு அடித்தேன். என்ன ஒரு சிவப்பு! ராத்திரி முழுக்க ஜன்னல் கட்டையில் காயவைத்தேன். காலையில் பார்த்தால் மூக்கு, பித்தான், துப்பாக்கி விசை எல்லாம் பெயிண்டுக்குள் மூழ்கிப்போய், வெல்லப்பாகில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. நாலாம் நாள் விளையாடக் கையில் எடுத்தபோது துப்பாக்கி லேசாக வளைந்தது, வளைந்த இடத்தில் பெயிண்ட் விரிசல் விட்டுப் பொரிப் பொரியாகக் கொட்டியது. மாட்டுக் கொம்பில் அடுத்த பொங்கல் வரைக்கும் நிற்கிற பெயிண்ட், பொம்மையில் நாலு நாள் நிற்கவில்லை.

மூன்றாவது முயற்சி அக்காவின் நகப்பூச்சு. அது இன்னும் மோசம், பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது.

டவுனில் கடைப் பலகை எழுதுகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பொம்மையை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஏல, எண்ணெய் தேச்ச உடம்புல சந்தனம் நிக்குமால? மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவு" என்றார். அது சரியான யோசனைதான். அச்சிலிருந்து பொம்மை சுலபமாகக் கழன்று வர, சில இடங்களில் பிசுக்கான ஒரு பொருளைத் தடவுவார்கள், அது மேலேயே தங்கிவிடும். கழுவிய பிறகு பத்து நாள் நின்றது. ஆனால் பதினோராம் நாள் உரிந்தது.

காரணம் இதுதான். இந்த மெத்தென்ற பொம்மைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன். நம் பிளாஸ்டிக் பைகளும் பல வாளிகளும் அதே இனம். அதன் மேற்பரப்பில் பெயிண்ட் பிடித்துக்கொள்ள எதுவுமே கிடையாது, பெயிண்டில் உள்ள கரைப்பானும் அதை இளக்கி உள்ளே போகாது. தெருக் குழாயில் வரிசை போடுகிற குடங்களைப் பாருங்கள், பெயிண்டில் எழுதிய பெயர் அழிந்துபோகிறது என்றுதானே சூட்டுக்கோலால் அடையாளம் போடுகிறார்கள். மேலும் இது வளையும், காய்ந்த எனாமல் வளையாது. பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற மாடல் விமானங்கள் பாலிஸ்டைரீன் என்ற கெட்டி பிளாஸ்டிக், அதில் அதே எனாமல் அழகாகப் பிடிக்கும். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1959 முதல் ஓர் அங்குலம்கூட இல்லாத சின்னச் சின்ன வீரர்களை மெத்தென்ற பிளாஸ்டிக்கில் விற்றது. அவற்றுக்கு எனாமல் அடித்த அந்த ஊர்ப் பிள்ளைகளும் இதே உரிதலைத்தான் பார்த்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கேயோ இருக்கிற ஒரு பையனுக்கும் எனக்கும் ஒரே துப்பாக்கியில் ஒரே இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கும்பினி வீரர்கள் எல்லாருக்கும் சிவப்பில் வெள்ளை கலந்து ரோஸ் முகம் வைத்தேன். பின்னால்தான் தெரிந்தது, மதராஸ் படையில் சிவப்புச் சட்டை போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். இப்போது அடித்தால் அந்த முகங்களை மாநிறத்தில்தான் அடிப்பேன். உங்கள் மகன் எந்தப் படையை அடிக்கிறான் என்று கேளுங்கள், முகம் எந்த நிறம் என்பதை அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும், பெயிண்ட் அடிப்பதில் பாதி சுகம் அந்தத் தேடலில் இருக்கிறது.

கேள்வி: சரி, உரியாமல் இருக்க இப்போது என்ன செய்யலாம்? வீட்டில் பழைய எனாமல் டப்பா இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா?
- அதே கடிதத்திலிருந்து

பதில்: பழைய டப்பாவை மட்டும் கொடுக்காதீர்கள். எனாமலில் ஈயம் கலப்பது முன்பு சாதாரணம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பொம்மையும் விரலும் வாய்க்குப் போகிற வயது, வேண்டவே வேண்டாம்.

தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வாங்கிக் கொடுங்கள். அது காய்ந்த பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதற்கு முன் பொம்மைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு, பழைய பல் பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, ஒரு நாள் காயவிடுங்கள். காய்ந்ததும் உடம்பில் கை படாமல் அடிப்பலகையைப் பிடித்தே வேலை செய்ய வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், இந்த பிளாஸ்டிக் வழவழப்பாகாது, பஞ்சு பஞ்சாக எழும்பும்.

அடிப்பூச்சுதான் முக்கியம். கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் பட்டறையில் பிளாஸ்டிக் பிரைமர் என்று ஒன்று அடிப்பார்கள், அது ஸ்ப்ரேயாகக் கிடைக்கிறது. அதை நீங்களே மொட்டைமாடியில், காற்று அடிக்கிற பக்கம் பார்த்து, லேசாக ஒரு தடவை அடித்துக் கொடுங்கள், பையன் கையில் கொடுக்க வேண்டாம். அது கிடைக்காவிட்டால் தச்சு வேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து மெல்லியதாகப் பூசலாம், பசை காய்ந்து உடம்பைச் சுற்றி ஒரு சட்டை போலப் பிடித்துக்கொள்ளும், நிறம் அந்தச் சட்டைமேல் உட்காரும். வண்ணம் அடித்து முடிந்ததும் மேலே இந்தப் பசையிலேயே இன்னொரு கை. இத்தனை செய்தாலும் துப்பாக்கி முனையில் கொஞ்சம் உதிரத்தான் செய்யும்.

பெயிண்டை மோர்ப் பதத்துக்குக் கரைத்து, இரண்டு மூன்று கை அடிக்கச் சொல்லுங்கள். நான் செய்த பெரிய தப்பு ஒரே அடியில் மூட நினைத்தது. முகம் முதலில், பிறகு சட்டை, வார், பித்தான் கடைசியில். எல்லாம் காய்ந்ததும் பழுப்பு நிறத்தை நன்றாகத் தண்ணீராக்கி மேலே ஓடவிட்டால், மடிப்புகளில் போய்த் தங்கி நிழல் விழுந்த மாதிரி ஆகிவிடும். இதை முதல்முறை பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

கண்ணுக்கு வெள்ளை வைக்க வேண்டாம். பாளை பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பக்கம் நிற்கிற ஆளின் கண்ணில் வெள்ளை உங்களுக்குத் தெரிகிறதா? புருவத்துக்குக் கீழே நிழல்தான் தெரியும், அதே அளவு போதும்.

கேள்வி: வீட்டுப் பரணை ஒதுங்கவைத்தபோது நான் பள்ளி நாளில் வண்ணம் அடித்த பொம்மை வீரர்கள் கிடைத்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கலாமா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம் தாயி, அப்படியே வையுங்கள். புதிதாக அடிக்க ஆசை இருந்தால் புதுப் பொம்மைகள் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கடைசல் மரச் சொப்பு என்றால் நிறம் அவ்வளவு லேசில் போகாது, பிளாஸ்டிக் அப்படி இல்லை, சுரண்டினால் மொத்தமாகப் போய்விடும், திரும்பி வராது. என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு ஆள். முதுகுப் பைக்கும் தோளுக்கும் நடுவில், விரல் நுழையாத அந்த இடுக்கில் மட்டும் கொம்புச் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தால்தான் தெரியும். தொழுவத்தில் தாத்தா வைத்திருந்த டப்பாவில் இருந்தது இவ்வளவுதான் மிச்சம். உங்களுடையதை மெல்லிய பிரஷால் தூசி தட்டி, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள், துணி பருத்தியாக இருக்கட்டும்.