காந்தத்தைக் குலுக்கியும் மல்டிமீட்டர் அசையாதது ஏன்?

கேள்வி: என் மகன் 3-ஆம் படிவம் படிக்கிறான். பள்ளி அறிவியல் புரோஜெக்டுக்காக 20 மி.மீ. ஒயரிங் பைப்பில் 200 சுற்று மெல்லிய செம்புக் கம்பி சுற்றி, உள்ளே காந்தத்தைப் போட்டுக் குலுக்குகிறோம். மல்டிமீட்டர் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. எல்இடியும் எரியவில்லை. இரும்பு ஆணியில் சுற்றியிருக்க வேண்டுமா? சரியாக வந்தால் இதில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றலாமா?
– ஒரு தந்தை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சுருளைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். மின்சாரம் அநேகமாக வந்துகொண்டுதான் இருக்கும், மல்டிமீட்டர்தான் அதைத் தவறவிடுகிறது. ஆனால் மல்டிமீட்டர் மேல் பழியைப் போடும் முன், சுருள் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்குக் காந்தம் தேவையில்லை.

மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, சுருளின் இரண்டு முனைகளையும் தொடுங்கள். 0.2 மி.மீ. செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.55 ஓம் மின்தடை உண்டு. உங்கள் பைப்பில் 200 சுற்று என்றால் ஏறக்குறைய 13 அல்லது 14 மீட்டர் கம்பி போயிருக்கும். ஆகவே ஏழெட்டு ஓம் காட்ட வேண்டும். திரையின் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றால், சுற்றுப்பாதை முழுமையாகவில்லை. பத்துக்கு ஒன்பது தடவை இதற்குக் காரணம் எனாமல் பூச்சு. கம்பி பளபளவென்று வெறும் செம்பு போலத்தான் தெரியும், ஆனால் மேலே மெல்லிய காப்புப் பூச்சு இருக்கிறது. இரு முனைகளிலும் 2 செ.மீ. அளவுக்கு உப்புத்தாளால் கம்பியைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். நிறம் சற்று வெளிறி, இளஞ்சிவப்பாக வரும். ஒரு பக்கம் மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்தினால் போதாது.

மாறாக, வெறும் 2 ஓம் காட்டினால் எங்கோ பூச்சு உரிந்து, சுற்றுகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று பொருள். அப்போது மட்டும் புதிதாகச் சுற்றுங்கள்.

சுற்றிய விதத்தையும் ஒரு முறை பாருங்கள். அடுக்கடுக்காக இடமும் வலமுமாகப் போய் வருவதில் தவறில்லை, ஆனால் பைப்பைச் சுழற்றும் திசை கடைசிவரை ஒன்றாகவே இருக்க வேண்டும். பாதியில் திசை மாறினால் ஒரு பாதி உண்டாக்குவதை மறு பாதி அழித்துவிடும். அழகுக்காக 200 சுற்றையும் பைப் நெடுகப் பரப்பியிருந்தாலும் இதே கதைதான்: காந்தம் முழுவதும் சுருளுக்குள் இருக்கும்போது அதன் இரு துருவங்களின் விளைவும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். காந்தத்தின் நீளத்துக்கு, அதாவது 2 செ.மீ. இடத்துக்குள், குவித்துச் சுற்றுங்கள்.

இப்போது மல்டிமீட்டருக்கு வருவோம். மலிவான டிஜிட்டல் கருவி ஒரு வினாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அளவைப் புதுப்பிக்கும். காந்தம் சுருளைக் கடக்கும்போது வரும் மின்துடிப்போ ஒரு வினாடியில் நூறில் சில பங்கு நேரம்தான் இருக்கும். அதுவும் காந்தம் நுழையும்போது ஒரு திசையில், வெளியேறும்போது எதிர்த் திசையில். நேர்மின் (DC) அளவில் இரண்டும் சேர்ந்து பூஜ்யமாகிவிடும். மாறுமின் (AC) அளவுக்கு மாற்றலாம் என்றால், இந்த ரகக் கருவிகளில் அது 200 வோல்ட்டிலிருந்து தொடங்குகிறது. நம் துடிப்பு அதில் தெரியாது. தம்பி மனம் தளர வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜெனீவாவில் கொலாடோன் என்ற விஞ்ஞானி 1825-இல் இதே சோதனையைச் செய்தார். காந்தம் பாதிக்காமல் இருக்கட்டும் என்று கால்வனோமீட்டரை, அதாவது மின்னோட்டத்தை முள் அசைவால் காட்டும் கருவியை, பக்கத்து அறையில் வைத்திருந்தார். காந்தத்தை நுழைத்துவிட்டு நடந்துபோய்ப் பார்ப்பதற்குள் முள் ஓய்ந்துவிட்டது. காந்த அசைவால் மின்சாரம் உண்டாகும் இந்த மின்காந்தத் தூண்டலைக் கண்டவர் என்ற பெயர் 1831-இல் ஃபாரடேக்குப் போனது.

வழி எளிது. சுருளின் ஒரு முனையில் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டையோடு (1என்5817 கிடைக்கும்), அதையடுத்து மின்னேற்றத்தைச் சேமிக்கும் 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர். அதன் மறுகாலைச் சுருளின் மற்ற முனையில் இணைத்து, மல்டிமீட்டரைக் கெப்பாசிட்டரின் இரு கால்களில் மாட்டுங்கள். டையோடில் கோடு போட்ட பக்கம் கெப்பாசிட்டரின் நேர்முனைக்கு. துடிப்பின் உச்சத்தைக் கெப்பாசிட்டர் பிடித்து வைத்துக்கொள்ளும், சில வினாடிகள் மெல்ல இறங்கும், அதற்குள் படித்துவிடலாம். டையோடு கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

அப்புறம், கையால் குலுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வேகம் மாறும், அளவு நம்பும்படி இருக்காது. பைப்பைச் செங்குத்தாக நிறுத்தி, கீழே ஒரு துணியை வைத்து, காந்தத்தைச் சுருளுக்கு 20 செ.மீ. மேலிருந்து விடுங்கள். அது ஏறக்குறைய வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சுருளைக் கடக்கும். 80 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் வேகம் இரட்டிப்பாகும், வோல்ட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பாக வேண்டும். புரோஜெக்டுக்கு ஓர் அருமையான வரைபடம் இதிலேயே கிடைத்துவிடும்.

எல்இடி எரியாததற்குக் காரணம் வெறும் கணக்கு. 15 மி.மீ. விட்டமுள்ள நியோடிமியம் காந்தத்தின் (வலுவான ரகம்) பாயம், அதாவது சுருளின் ஊடே செல்லும் காந்தப் புலத்தின் அளவு, சுமார் 0.00005 வெபர் என்று வையுங்கள். அதை 200 சுற்றால் பெருக்கி, கையால் குலுக்கும்போது ஆகும் 0.05 வினாடியால் வகுத்தால் 0.2 வோல்ட்தான் வரும். சிவப்பு எல்இடிக்கே 1.8 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கு 3. சுற்றை 1500 ஆக்கினால் குலுக்கும்போதே அந்த 1.8 வோல்ட்டை நெருங்கும், மேலிருந்து விட்டால் பளிச்சென்று மின்னும். மின்தடை 65 ஓம் அளவுக்கு ஏறும், பரவாயில்லை. இரண்டு சிவப்பு எல்இடிகளை எதிரெதிராக இணையுங்கள்; நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது மற்றொன்று மின்னும். இருட்டறையில் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் எல்லாம் இதற்கு உதவாது.

ஆணி வேண்டாம். காந்தம் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். இரும்பு உள்ளகம், காந்தம் வெளியே சுழலும் அமைப்புக்குத்தான், சைக்கிள் டைனமோவில் இருப்பதுபோல. செம்பு, அலுமினியக் குழாயையும் தவிருங்கள். காந்தத்தின் வேகத்தை அவை பிடித்து இழுக்கும்.

கைப்பேசி? விடாமல் குலுக்கினால் 0.02 வாட் வரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சாதாரண கைப்பேசி பேட்டரி சுமார் 15 வாட்-மணி. 750 மணி நேரம், அதாவது தூங்காமல் ஒரு மாதம் குலுக்க வேண்டும். சுருளும் காந்தமும் வைத்து, எதையும் அசைக்காமலே பல்பு எரிய வைக்கும் வீடியோக்கள் வருகின்றனவே, அவற்றில் எங்கோ ஒரு பேட்டரி ஒளிந்திருக்கும்.

டையோடும் கெப்பாசிட்டரும் புடு பக்கம் ஜாலான் பாசாரில் உள்ள எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் கிடைக்கும். கம்பிக்கு, மோட்டார் வைண்டிங் செய்யும் பட்டறையில் மிச்சச் சுருள் இருக்கிறதா என்று கேளுங்கள். 1500 சுற்றுக்கு 50 கிராம்கூட ஆகாது. இரண்டு எச்சரிக்கைகள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நியோடிமியம் காந்தங்களை எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடல் சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். இன்னொன்று, சோதித்துப் பார்க்கிறேன் என்று இந்தச் சுருளைச் சுவர் சாக்கெட்டில் செருக யாரையும் விடாதீர்கள். 65 ஓம் சுருளில் 230 வோல்ட் பாய்ந்தால் 800 வாட்டுக்கு மேல் சூடு. சில வினாடிகளில் பைப்போடு சேர்ந்து எரியும். ஷாக் அடித்து உயிரே போகலாம்.