பார்பரின் வயலின் கான்செர்டோவில் கடைசிப் பகுதி மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

கான்செர்டோ என்பது ஒரு தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் 1939-இல் எழுதத் தொடங்கிய இந்தக் கான்செர்டோவை 1941 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவில் வயலின் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பால்டிங் அரங்கேற்றினார். முதல் இரண்டு பகுதிகளும் பாட்டுப் போலத்தான். முதல் பகுதியில், இசைக்குழுவின் முன்னோட்டம் எதுவும் இல்லாமல் எடுத்த எடுப்பிலேயே வயலின் நீண்ட மெட்டைத் தொடங்கிவிடும். இரண்டாம் பகுதியில் ஓபோ என்ற ஊதுகருவி முதலில் நிதானமாகப் பாடி முடிக்க, வயலின் காத்திருந்து உள்ளே வருகிறது. எனக்கு முழுப் படைப்பின் உயிரே அந்த இடம்தான்.

அப்புறம் மூன்றாவது. சுமார் 4 நிமிடம், மும்மூன்றாகக் கோத்த ஸ்வரங்கள் தலைதெறிக்க ஓடும். வயலின்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. சுருதி முரண்களும் கூர்மையாகின்றன. வயலினின் வித்தைத் திறனைக் காட்டும் பகுதி இது என்று பார்பரே குறிப்பு எழுதியிருக்கிறார். முதல் இரண்டு பகுதிகளோடு இது ஒட்டவில்லை என்பவர்கள் உண்டு. அவ்வளவு உருக்கத்துக்குப் பிறகு இந்த வேகம் தேவைப்படுகிறது என்றே நான் நினைக்கிறேன்.