எருதுக்குத்தான் நொடிக்கணக்கு

அன்புள்ள ஐயா,

ஆற்காட்டில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை செய்கிறேன். வயது 43. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் எட்டு மாதமாகக் காலையில் ஓடுகிறேன். சென்ற மாதம் வேலூரில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் 600 ரூபாய் கட்டிக் கலந்துகொண்டேன். 1 மணி 31 நிமிடம் ஆனது. எனக்குப் பின்னால் மூன்றே பேர். நான் வந்து சேர்ந்தபோது மைக் செட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும் மனைவியும் கடைசித் திருப்பத்தில் நின்றிருந்தார்கள். கூச்சமாக இருந்ததால், வண்டிக்குப் போங்கள் என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து ஓடவே பிடிக்கவில்லை.

உத்வேகத்தைத் தக்கவைப்பது எப்படி? நல்ல ஷூவும் ஸ்மார்ட் வாட்சும் வாங்கினால் வேகம் கூடுமா? தினமும் சும்மா போகிற ரோட்டில் ஓடுவதற்குக் காசு கட்டுவது முட்டாள்தனம் என்கிறார் எங்கள் மேலாளர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஜி., ஆற்காடு

*

அன்புள்ள ஜி.,

உடற்பயிற்சி பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. என்னை நேரில் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்றுதான் பள்ளிகொண்டா பக்கம் எங்கள் ஊரில் எருது விடும் விழா பார்த்துவிட்டு, தலையெல்லாம் புழுதியாக வீட்டுக்கு வந்திருந்தேன். மூன்று நாளாக மனதில் அதுதான் ஓடுகிறது.

சில்லறைக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். ஷூவா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஊர் ஊராக ஷூ தைத்துக் கப்பலேற்றும் மண்ணில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள். சாயங்காலமாகப் போய் வாங்குங்கள். பகலெல்லாம் புழங்கிய கால் அப்போது கொஞ்சம் உப்பியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்கட்டும். அவ்வளவுதான். வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கத்திரி வந்துவிட்டால் சாயங்கால ஓட்டம் வேண்டாம். சூரியன் இறங்கினாலும் நம்மூர்த் தார் இறங்காது. விடியற்காலை ஓடுங்கள், முதல் பத்துப் பதினைந்து நாள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பு வெக்கைக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும். 600 ரூபாயா? எண் அட்டை, அதன் பின்னால் நேரம் பார்க்கும் சிப், தண்ணீர், வாழைப்பழம், பனியன், மெடல், ஆம்புலன்ஸ் எல்லாம் அதில்தான். உங்கள் மேலாளர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பிரியாணிக்கு அதற்குமேல் கொடுத்துவிட்டு வருவார், அவரை யார் கேட்கிறார்கள்? வாட்ச் வேண்டாம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

உத்வேகம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. கல்யாண வீட்டுப் பந்திக்குப் போக உங்களுக்கு உத்வேகம் தேவைப்பட்டதுண்டா? டாக்டர் சொன்ன பயம் ஒரு மாதம் தாங்கும். மிச்ச ஏழு மாதம் யார் சொல்லி ஓடினீர்கள்? பிடித்திருந்தது, ஓடினீர்கள். இப்போது பிடிக்கவில்லை என்கிறீர்கள். எங்கே தொலைத்தீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டு ஷூவுக்குப் போய்விட்டீர்கள்.

மகளை வண்டிக்குப் போகச் சொன்னீர்களே தம்பி, என்ன காரியம் அது! ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து, ஆற்காட்டிலிருந்து வேலூர்வரை தூக்கக் கலக்கத்தோடு வந்து, ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்ற பிள்ளை. அப்பா ஓடிவருவதைப் பார்க்க வந்தாள். 1 மணி 31 நிமிடம் என்றால் நல்லதா கெட்டதா என்று அவளுக்கு என்ன தெரியும்? அன்று தெரிந்துகொண்டிருப்பாள். நீங்கள்தான் கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

எருதுக்கு வருகிறேன். தெற்கே ஜல்லிக்கட்டு மட்டும் பார்த்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: எங்கள் பக்கத்து விழாவில் திமிலைப் பிடித்துத் தொங்குவது போட்டி இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் கம்பு கட்டி, நடுவில் காளையை அவிழ்த்துவிடுவார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எத்தனை நொடி என்பதுதான் கணக்கு. குறைந்த நொடிக்குப் பரிசு. போன வருடம் எந்த ஊர்க் காளை எத்தனை நொடியில் போனது என்று பள்ளிக்கூடப் பையன்கூட ஒப்பிப்பான்.

இந்த வருடம் ஒரு வெள்ளைக் காளை. கொம்புக்குப் பச்சை வர்ணம், கழுத்தில் சலங்கை. நன்றாகத்தான் கிளம்பியது. பாதித் தெருவில் என்ன தோன்றியதோ, நின்றுவிட்டது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. கம்பில் யாரோ போட்டிருந்த துண்டை மோந்து பார்த்தது. பிறகு மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடக்க ஆரம்பித்தது. மைக்கில், "மாடு நின்னுடுச்சு, கணக்குல இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர் ஓடிவந்து தலைத்துண்டால் அதன் மூக்கிலேயே அடித்து இழுத்துப் போனார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் சொன்னார்: "அத்த ஏன்டா அடிக்கிறான்? அது வேடிக்க பாக்க வந்துது."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன்.

வட ஆற்காட்டில் ஓட்டம் என்றால் ஆளெடுப்பு. கம்மவான்பேட்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர். அதற்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வந்துவிட்டது. இன்றைக்கும் காலை நாலரை மணிக்கு பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் போய் நின்று பாருங்கள். இருட்டில் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். போலீஸ் என்றால் 1500 மீட்டர், ஏழு நிமிடம். பட்டாளம் என்றால் 1600 மீட்டர், கணக்கு இன்னும் கறார். ஒருத்தன் முகத்திலும் சிரிப்பு இருக்காது. பின்னால் வீட்டுக் கடனும் அக்கா கல்யாணமும் ஓடிவரும்போது எப்படிச் சிரிப்பான்?

அண்ணன் பாலாற்றில் ஓடியவர். அப்போது பாலாற்றில் மணல் இருந்தது. (இப்போது லாரியில் போனது போக மிச்சத்தில் சீமைக்கருவேலம் நிற்கிறது. அந்த வயிற்றெரிச்சலைத் தனியாக எழுத வேண்டும்.) எனக்குப் பன்னிரண்டு வயது, அவருக்குப் பத்தொன்பது. அவருடைய சட்டையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பது என் வேலை. ஈர மணலில் குதிகால் புதையாமல், முன்காலால் தட்டித் தட்டி அவர் ஓடுவது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஓடிக்கொண்டே சினிமாப் பாட்டு பாடுவார். மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டை விட்டுவிட்டு, அடுத்த வரியிலிருந்து பிடிப்பார்.

1983-ல் ஆளெடுப்புக்குப் போனார். நாலு நொடி வித்தியாசத்தில் போயிற்று. ராத்திரி தகரப் பெட்டியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, அம்மா சோறு போட்டார்கள். அதன் பிறகு அவர் ஓடவில்லை. ஓடவில்லை என்றால், மழைக்குக்கூட ஓடவில்லை. பஸ் ஸ்டாப்பில் பஸ் நகர ஆரம்பித்தாலும் நடந்தே போவார், தவறவிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவார். நாங்கள் அதைத் திமிர் என்று நினைத்தோம்.

அந்த நாலு நொடியில் தப்பில்லை. ஆயிரம் பேர் வந்தால் நூறு பேரைத்தான் எடுக்க முடியும், எங்காவது கோடு போட்டாக வேண்டும். ஷிவ்நாத் சிங் என்று ஒரு பட்டாளத்துக்காரர் 1978-ல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். நாற்பது வருடத்துக்கு மேல் இந்தியாவில் அதை யாராலும் தொட முடியவில்லை. அவருக்கு நொடி தொழில். எருதுக்காரருக்கு நொடி பரிசுப் பணம். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் உங்களுக்கு அது என்ன? நீங்கள் ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் உங்கள் வங்கி இன்கிரிமென்ட் போடுமா? யாரும் உங்களை ஆளெடுக்க வரவில்லை. ஆனாலும் நாலு நொடியில் போனவன் முகத்தோடு வண்டியேறியிருக்கிறீர்கள். எருதுக்காவது துண்டால் அடிக்க இன்னொருத்தர் வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் பார்க்ரன் என்று ஒன்று நடக்கிறது. 2004-ல் லண்டன் பக்கம் புஷி பார்க் என்ற பூங்காவில் 13 பேரோடு ஆரம்பித்தது, பிறகு பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. சனிக்கிழமை காலை ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கடைசியாக வருவதற்கென்றே ஒரு தொண்டரை வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவர் உங்களுக்குப் பின்னால்தான் வருவார். அதனால் வந்தவர்கள் யாரும் கடைசி ஆள் ஆவதில்லை. நம்மூர்க்காரர்கள் மைக்கைக் கழற்றுகிறார்கள். ஓட்டம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இட்லிப் பாத்திரத்தையும் மைக்கையும் கடைசி ஆள் வரும்வரை வைத்திருங்கள் ஐயா.

கூட ஆள் இருந்தால் வேகம் கூடும் என்று 1898-லேயே நார்மன் டிரிப்லெட் என்பவர் சைக்கிள் பந்தயக் கணக்குகளை வைத்து எழுதியிருக்கிறார். அதற்கு மறுபக்கமும் உண்டு. முதல் இரண்டு கிலோமீட்டர் கூட்டத்தோடு கூட்டமாகப் பாய்ந்திருப்பீர்கள், ஏழாவதில் நாக்குத் தள்ளியிருக்கும். அடுத்த முறை பக்கத்தில் ஓடுகிறவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடுங்கள். பேச முடியவில்லையென்றால் வேகம் அதிகம். மகளைக் கடைசித் திருப்பத்தில் வேண்டாம், பாதி வழியில் ஒரு வாழைப்பழத்தோடு நிற்கச் சொல்லுங்கள்.

நானும் ஒரே ஒரு முறை ஓடியிருக்கிறேன், சிரிக்காதீர்கள். 2018, எனக்கு 47 வயது. நண்பர் ஒருவர் என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டார். கோட்டை மைதானத்தில் கிளம்பி, பாலாற்றுப் பாலம் தாண்டி, காட்பாடிப் பக்கம் போய்த் திரும்பும் பத்து கிலோமீட்டர். மூன்றாவது கிலோமீட்டரிலேயே எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்தான். டிரைவர் முழங்கையை வெளியே போட்டு, முதல் கியரில் உறுமிக்கொண்டே வந்தார். "சார், ஏறிக்கிறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் டிவிஎஸ் 50-யில் வந்து சேர்ந்துகொண்டார். நான் சொல்லவே இல்லை, என் மனைவி சொல்லியிருக்கிறாள். "இன்னாத்துக்குடா இந்த வயசுல?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "தோள தூக்கிக்கினு ஓடாத. கைய எறக்கு" என்றார். எதிரே பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு தொரத்தறாங்க நைனா?" என்று கேட்டார். எனக்குப் பேச மூச்சு இல்லை. அண்ணன்தான் பதில் சொன்னார்: "ஆம்புலன்ஸு."

பாலத்தில் ஏறியதும் வண்டிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லை, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் ஓடினேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வெறுங்கால் சத்தம். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். 54 வயது, முன்கால் மட்டும் தட்டுகிறது. என்னைப் பார்க்கவில்லை, பேசவில்லை. செருப்பை என்னிடம் நீட்டினார், வாங்கிக்கொண்டேன். என்னைத் தாண்டிப் பத்தடி முன்னால் போனார். பாலம் முடிகிற இடத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, "சாவி வண்டியிலயே கீது" என்று சொல்லிவிட்டு, செருப்பை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

முடிவுக்கோட்டில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். கையில் பழைய ஹெச்எம்டி வாட்ச், சாவி கொடுக்கிற ரகம். குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "எவ்ளோ ஆச்சுண்ணா?" என்று கேட்டேன். வாட்சைப் பார்த்தார்.

"எட்டு ஆவுது. பொங்கல் தீர்ந்துடும், வா."